எம்6க்கு எந்த லென்ஸ், எந்தப் புத்தகம்?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கனடாவில் இருந்து வந்த மாமா தன்னுடைய பழைய லைக்கா எம்6 பிலிம் கமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கமரா மட்டும்தான், லென்ஸ் இல்லை. பத்திரிகைப் படம் எடுக்கப் பழக வேண்டும் என்று ஆசை. 28, 35, 50, 90 மில்லிமீற்றர் என்று நாலு லென்ஸும் வேண்டுமா (எண் கூடக் கூடப் படத்தில் விழும் இடம் குறுகும்), எதில் தொடங்குவது, எஃப்1.4 இல்லாமல் முடியாதா, பார்க்க வேண்டிய போட்டோ புத்தகங்கள் எவை என்று கேட்டிருக்கிறார். தான் கண்ணாடி போடுகிறவர் என்பதையும் கடைசியில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னது நல்லது, முக்கியமான விஷயம் அது.

தம்பி, கட்டையாகச் சொன்னால் ஒரேயொரு 35. எஃப்2 அல்லது எஃப்2.5 போதும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூட விடும்). ஒரு வருடத்துக்கு வேறொன்றும் வாங்க வேண்டாம். மிஞ்சும் காசைப் பிலிமுக்கும் புத்தகத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லாமல் விட்டால் மூன்றாம் மாதமே 90 தேடி ஓடுவீர்கள் என்று தெரியும். நானும் ஓடியவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கூர்மையைக் கேட்கிறார்கள், பின்னணி எவ்வளவு கரையும் என்று கேட்கிறார்கள். பத்திரிகைப் படத்துக்கு முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் ஆளுக்கு எத்தனை அடி தள்ளி நின்று படம் எடுக்கிறவர் என்பதைத்தான். கொஞ்சக் காலம் படம் எடுத்தவர் எவரானாலும், தான் நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் காண்பார். அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் லென்ஸ் கிடைத்துவிட்டால் மற்றது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பிலிமில் ஒரு படம் 36 மில்லிமீற்றர் அகலம், 24 உயரம். கமராவைப் படுக்கையாகப் பிடித்து 35 போட்டால், நீங்கள் நிற்கும் தூரமும் படத்தில் விழும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. பத்தடியில் நின்றால் பத்தடி அகலம் வரும். அதே இடத்தில் 50 போட்டால் ஏழடிதான். 28 என்றால் பதின்மூன்றடி. 90 என்றால் நாலடி. இந்தக் கணக்கு மனதில் ஊறிவிட்டால், கமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகாமலே எது படத்துக்குள் வரும், எது வராது என்று தெரிந்துவிடும். 35இல் கணக்கே போட வேண்டியதில்லை என்பதுதான் அதன் அழகு.

ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கமரா இல்லாமல் போங்கள். முருங்கைக்காய் விற்கும் அம்மாவிடம் விலை கேளுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள். நாலு, ஐந்து அடியாக இருக்கும். அதைவிடத் தள்ளி நின்றால் கத்திக் கேட்க வேண்டும், கிட்டப் போனால் அவர் நிமிர்ந்து ஒரு மாதிரிப் பார்ப்பார். அந்தத் தூரத்தில் 35 போட்டால் அவர் வருவார், அவருடைய சாக்கும் தராசும் வரும், பக்கத்தில் பேரம் பேசும் ஆளின் கையும் வரும். 50 போட்டால் அவர் மட்டும் வருவார், சந்தை வராது. 28 போட்டால் எல்லாமே வரும், கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தால் உங்கள் செருப்பும் வரும். கதைக்கும் தூரத்தில் நின்று, ஆளையும் இடத்தையும் சேர்த்து எடுக்க விரும்புகிறவருக்கு 35 என்று நான் சொல்வது இதனால்தான். கதைக்க வெட்கப்படுகிறவர் 90 வாங்குவார். வெட்கம் போனதும் விற்பார்.

இனிக் கண்ணாடி விஷயம். உங்கள் எம்6இல் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் அநேகமாக 0.72 உருப்பெருக்கம் உள்ளது. லென்ஸைப் பூட்டியதும் அதற்குரிய சட்டக் கோடுகள் சோடி சோடியாக உள்ளே தெரியும்: 28உம் 90உம் ஒன்றாக, 35உம் 135உம் ஒன்றாக, 50உம் 75உம் ஒன்றாக. 28இன் கோடு ஓரத்தோடு ஓரமாக நிற்பதால் கண்ணாடி போட்டவருக்கு அது முழுதாகத் தெரியாது. கண்ணை இடமும் வலமும் உருட்டித் தேட வேண்டும், அதற்குள் சனம் போய்விடும். 90இன் கோடு நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். 35 கண்ணாடியோடும் தெரியும். கோட்டுக்கு வெளியே கொஞ்ச இடமும் தெரியும், அங்கே யார் நடந்து வருகிறார் என்பதை முன்கூட்டியே காணலாம். லென்ஸுக்கூடாக அல்லாமல் தனித் துவாரத்தால் பார்க்கும் இந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கமராவை வைத்திருப்பதன் முக்கிய பலனே அந்த வெளி இடம்தான். கண்ணாடி வில்லையில் கீறல் விழாமல் இருக்க, பார்க்கும் துவாரத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய றப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எஃப்1.4 வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வெயில்தான் பதில். இதை நான் படித்தது ஒரு ஸ்ரூடியோவில், பற்றரி இல்லாத காலத்தில். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். நான் வேலை பழகிய ஸ்ரூடியோ முதலாளியின் யப்பான் கமரா பற்றரிக்காக அலுமாரியில் படுத்துவிட்டது. அவரிடம் சோர்க்கி-4 என்று ஒரு ரஷ்யக் கமரா இருந்தது. லைக்காவைப் பார்த்துச் செய்த பரம்பரையில் வந்த ரேஞ்ச்ஃபைண்டர், முழுக்கப் பல்சக்கரம், உள்ளே வெளிச்சம் அளக்கும் மீற்றரும் இல்லை. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, எல்லாவற்றையும் அதுதான் எடுத்தது. முதலாளி வாசலுக்கு வந்து தரையில் விழும் நிழலைப் பார்ப்பார். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் எஃப்16. ஓரம் மங்கினால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் 8. இல்லவே இல்லை என்றால் 5.6. திரை திறந்து மூடும் வேகம் பிலிமில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கிட்டியது. 400 பிலிம் என்றால் ஒரு செக்கனில் 500இல் ஒன்று. மீற்றர் அவ்வளவுதான். உங்கள் எம்6இலும் பற்றரி மீற்றருக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. அது செத்தாலும் எல்லா வேகமும் ஓடும், ஆகவே இந்த நிழல் கணக்கைப் பாடமாக்கி வையுங்கள்.

சரி, அந்தக் கணக்கையே இப்போது லென்ஸுக்குப் போடுங்கள். 400 பிலிம், பண்ணைப் பாலத்து நண்பகல் வெயில், 500இல் ஒன்று, எஃப்16. எம்6இன் உச்ச வேகம் 1000இல் ஒன்று. எனவே எஃப்11க்கு மேல் திறக்கவே முடியாது. 1.4க்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பகல் முழுவதும் அது 11இல்தான் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய லென்ஸ் கண்ணாடியில் முக்கால்வாசி மூடியே இருக்கும். இரவில் உதவும்தான், இல்லை என்று சொல்லவில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இரவில் வெளிவீதி முழுக்க வெளிச்சம் இருக்கும். 400 பிலிமை 800 என்று வைத்து எடுத்துக் கழுவும் நேரத்தைக் கூட்டினால், எஃப்2இல் 30இல் ஒன்று பிடிபடும். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் மற்றக் கமராக்களில் போல மேலெழுந்து அடிக்கும் கண்ணாடி இல்லாததால் மூச்சை அடக்கினால் 15இல் ஒன்றையும் கையில் பிடிக்கலாம். எஃப்2க்கும் 1.4க்கும் இடையில் ஒரு படிதான், வெளிச்சம் இரு மடங்காவதுதான், வித்தியாசம். அந்த ஒரு படிக்காக எடையும் விலையும் கூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பகலில் எஃப்8, 11 என்று நிற்பதில் இன்னொரு லாபம் உண்டு. 35ஐ எஃப்8இல் வைத்து, குவியத்தை மூன்று மீற்றரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய ஆறடியில் இருந்து இருபத்திநாலடி வரை எல்லாமே தெளிவாக இருக்கும். குவிக்கவே தேவையில்லை. தேரின் வடம் இழுபடும்போது, பாசையூரில் கரைக்கு வரும் மீனைச் சுற்றிச் சனம் நெருக்கும்போது, உங்களுக்குக் கிடைப்பது அரைச் செக்கன். அந்த நேரத்தில் பார்க்கும் துவாரத்தின் சின்னச் சதுரத்துக்குள் இரண்டு உருவத்தை ஒன்றாக்கிக் குவித்துக்கொண்டு நிற்க முடியாது. அதே எஃப்8, மூன்று மீற்றரில் 50 போட்டால் தெளிவு ஏழரை அடியில் இருந்து பதினாலடி வரைக்கும் சுருங்கிவிடும். 90 என்றால் இரண்டடி கூட இல்லை. குவியத்தை நகர்த்தும் வளையத்தின் கீழே விரல் வைக்க ஒரு சின்னக் கொம்பு உள்ள லென்ஸாகப் பாருங்கள். கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை விரலே சொல்லும். பார்க்காமல் ஐந்தடி, பத்தடி வைக்க இரண்டு கிழமையில் பழகிவிடலாம். நான் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரங்களில்தான் பழகினேன்.

வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்காவது 90 வேண்டாமா என்று கேட்பீர்கள். பட்டத்தை எடுக்க 90 காணாது. தைப்பொங்கல் பின்னேரம் கடற்கரையில் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்கும் முகங்களை எடுக்க 35 தாராளம்.

புத்தகங்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் லென்ஸுக்கு முதல் வாங்க வேண்டியது இவற்றைத்தான். புத்தகத்தைப் படம் பார்ப்பது போலப் பார்க்காதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் எங்கே நின்றார், எத்தனை அடியில், நின்றா குந்தியா, முன்னால் இருப்பவர் அவரைக் கண்டாரா இல்லையா என்று எழுதுங்கள். இருபது படம் முடியும்போது அந்த ஆளின் தூரம் பிடிபட்டுவிடும். அந்தத் தூரம் உங்களுக்குச் சரிவருமா என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாரும் சொல்லும் பெயரையே நானும் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது: பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1952இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தை ஆங்கிலத் தலைப்பில் 'டிசைசிவ் மொமென்ட்' என்பார்கள். அட்டைப்படம் ஓவியர் மத்தீஸ் செய்தது. பிரெஞ்சுத் தலைப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். அனுமதி இல்லாமல் நடைபாதையில் சாமான் விரித்து, பொலிஸைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவர்களின் வியாபாரத்துக்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல் அதில் இருக்கிறது. அவசரமாக, களவாக எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 'தீர்மானமான கணம்' என்று தமிழில் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் பாவித்தது 50. படங்களில் அவர் எட்டு, பத்து, பதினைந்து அடி தள்ளித்தான் நிற்கிறார். கலக்காமல் பார்க்கிறவரின் தூரம் அது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்த நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். எங்களுக்குப் பழக்கமான வெயில், எங்களுக்குப் பழக்கமான வேட்டி, ஆனாலும் தூரம் அவருடையதுதான்.

அதற்கு நேர் எதிர் ரொபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. 1958இல் பாரிஸில் முதலில் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில். ஏறத்தாழ 27,000 படம் எடுத்து 83ஐத்தான் புத்தகத்தில் வைத்தார். இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். முதல் தரம் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வந்தது. சாய்ந்த படம், கறுத்த படம், தலை வெட்டுப்பட்ட படம். ஸ்ரூடியோ முதலாளி கண்டிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். மூன்றாம் தரம் பார்க்கும்போதுதான் ஒரு படத்துக்குப் பிறகு ஏன் அடுத்த படம் வருகிறது என்று விளங்கத் தொடங்கியது. துணி மூடிய ஒரு கார் வரும், அதற்கு அடுத்ததாகத் துணி போர்த்திய ஒரு உடல் வரும். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதும் எழுத்துத்தான் என்பதை இந்தப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லித் தரும் ஒன்றை நான் காணவில்லை.

பத்திரிகைப் படம்தான் உங்கள் ஆசை என்றால் பிலிப் ஜோன்ஸ் கிரிஃபித்ஸின் 'வியட்நாம் இன்க்' கட்டாயம். 1971. படமும் அவர், எழுத்தும் அவர். படத்தின் கீழ் உள்ள வரிகளைக் கையால் மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள், பிறகு கையை எடுத்து வாசியுங்கள். எத்தனை இடத்தில் நீங்கள் நினைத்தது தலைகீழாகிறது என்று பாருங்கள். எங்கள் பத்திரிகைகளில் படத்தின் கீழ் 'நிகழ்வில் கலந்துகொண்டோரைப் படத்தில் காணலாம்' என்று போடும் வழக்கம் உங்களைப் பிடித்துவிடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் செய்த 'மினமாட்டா' 1975இல் வந்தது. யப்பானில் ஒரு தொழிற்சாலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் தின்ற சனத்தை முடமாக்கிய கதை. அங்கேயே வீடு எடுத்துத் தங்கி வருடக்கணக்கில் எடுத்தார்கள். தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் படம் உலகம் முழுக்கப் போனது. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் மனதை மதித்து, அந்தப் படத்தைப் புதிதாக வெளியிட விடுவதில்லை என்று ஐலீன் முடிவெடுத்தார். மீனும் கடலும் எங்களுக்கும் உள்ளதால் இந்தப் புத்தகம் குருநகரில் இருந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

வண்ணத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அலெக்ஸ் வெப் 1986இல் வெளியிட்ட வெப்பநாட்டுப் படங்கள். எங்கள் நண்பகல் வெளிச்சத்தில் படமே எடுக்கக் கூடாது என்று போட்டோ வகுப்புகளில் சொல்கிறார்கள் அல்லவா, அவர் அந்த வெளிச்சத்தில்தான் எடுத்தார். நிழல் கறுப்பாகவே கிடக்கட்டும் என்று விட்டு, அதற்குள் இருந்து ஒரு முகத்தையோ ஒரு சிவப்புச் சுவரையோ வெளியே இழுத்தார். கஸ்தூரியார் வீதியில் மத்தியானம் கடைச் சாய்ப்புகளின் நிழலைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வரும். அவருடைய தூரமும் பெரும்பாலும் 35இன் தூரம்.

சூசன் மெய்சலஸின் 'நிக்கராகுவா', 1981. புரட்சியை வண்ணத்தில் எடுத்தாரே என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தைவிடப் பெரிதாகப் படுவது பிறகு அவர் செய்தது. வருடங்கள் கழித்துத் திரும்பிப் போய், படத்தில் இருந்தவர்களைத் தேடினார். 2004இல் அதே படங்களைப் பெரிதாக்கி, எடுத்த இடங்களிலேயே கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

இதைச் சொல்லும்போது ஒரு பந்தல் ஞாபகம் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம். போன முதல் நாள் என் கமராவில் 90 இருந்தது. றோட்டின் மற்றப் பக்கத்தில் நின்று, அம்மாக்கள் மடியில் வைத்திருந்த படங்களையும் அவர்கள் முகங்களையும் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாம் கூர்மை, எல்லாம் வடிவு, ஒன்றும் சரியில்லை. வாகனத்துக்குள் இருந்து எடுத்த படங்கள் போல இருந்தன. அடுத்த தரம் 35ஐப் பூட்டிக்கொண்டு போய்ப் பந்தலுக்குள் பாயில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கமராவைத் தொடவில்லை. இப்படி எடுத்துக்கொண்டு போகிற படங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்று ஒரு அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு அவரே மகனுடைய படத்தை நிமிர்த்திப் பிடித்தார். நாலடி. அந்தத் தூரத்தில் படத்துக்குள் இருக்கும் படமும் தெரிந்தது, அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன, பின்னால் பந்தல் கம்பில் தொங்கிய சாப்பாட்டுப் பையும் தெரிந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 90ஐ அந்த வருடமே விற்றுவிட்டேன்.

எங்கள் நாட்டைப் பற்றிய புத்தகங்களில் லயனல் வென்ட்டின் படங்கள் அவர் இறந்த பின் 1950இல் புத்தகமாக வந்தன. பத்திரிகைப் படம் அல்ல, ஆனால் கறுப்பையும் வெள்ளையையும் இந்தத் தீவின் வெளிச்சத்தில் எப்படிப் பிரிப்பது என்று பார்க்க அதைவிட நல்லது கிடையாது. போர்க்காலத்துக்கு ஸ்டீவன் சாம்பியனின் 'லங்கா 1986-1992' பாருங்கள். வெளியாள் ஒருவரின் கண், ஆனால் அவசரக் கண் அல்ல. எங்கள் ஆட்கள் எடுத்தவை பெரும்பாலும் பத்திரிகைத் தாளிலேயே கிடக்கின்றன. நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் பழைய ஈழநாடு இதழ்கள் இருக்கின்றன. அச்சு மங்கல்தான். ஆனாலும் அன்றைய படப்பிடிப்பாளர் கூட்டத்தில் எங்கே நின்றார் என்பதை மங்கலிலும் கண்டுபிடிக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். மிஞ்சியதை வருடி வைத்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே பாருங்கள்.

இந்தப் பெரிய புத்தகங்கள் விலையும் பாரமும் கூடியவை. உங்களுக்குப் பாரிஸில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், யாருக்குத்தான் இல்லை. தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பக்கம் மரக்கறி வாங்கப் போகும் நாளில் ஒரு புத்தகக் கடைக்குள்ளும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'போட்டோ போஷ்' என்று கையடக்கப் புத்தக வரிசை ஒன்று 1982இல் இருந்து வருகிறது. ஃபிராங்கின் புத்தகத்தை முதலில் போட்ட அதே ரொபர்ட் டெல்பீர் தொடங்கியது. ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம், நல்ல அச்சு, பயணப் பையில் நாலு வைத்தாலும் பாரம் தெரியாது. எழுத்து பிரெஞ்சில் இருந்தால் என்ன, படத்தைத்தானே பார்க்கப் போகிறீர்கள். ஒரேயொரு பெரிய புத்தகம் வாங்கக் காசு இருந்தால் 2011இல் வந்த 'மக்னம் கொன்டாக்ட் ஷீட்ஸ்' வாங்குங்கள். பெயர்பெற்ற படங்களுக்கு முன்னும் பின்னும் அந்தச் சுருளில் என்னென்ன எடுத்தார்கள் என்று அப்படியே காட்டுகிறது. பெரிய ஆட்களும் எத்தனை படத்தைக் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

எந்த 35 என்று கேட்டால், யப்பானில் செய்த வொய்க்லாண்டர் கலர்-ஸ்கோபார் எஃப்2.5. சின்னது, சட்டைப் பைக்குள் போகும். லைக்காவின் சம்மிக்ரோன் 35 நல்ல லென்ஸ்தான், 1958இல் இருந்து பெயர் எடுத்தது. ஆனால் அதன் காசுக்கு வொய்க்லாண்டர் பலவற்றை வாங்கலாம். பத்திரிகைத் தாளில் அச்சாகும் படத்தில் வித்தியாசம் காண்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஸைஸ் சி பியோகொன் எஃப்2.8. ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டாவதாக 50 வேண்டும் என்று தோன்றினால் கெனனின் பழைய திருகு லென்ஸ் 50 எஃப்1.8 மலிவாகக் கிடைக்கும். திருகு லென்ஸை எம்6இல் பூட்ட ஒரு வளையம் தேவை. அது 50-75க்கு என்று செய்ததா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வேறு சட்டக் கோடு வந்து நிற்கும். ரஷ்ய ஜூபிட்டர்-8 இன்னும் மலிவு. எனக்கு அதில் பாசம் உண்டு, முதலாளியின் சோர்க்கியில் இருந்தது அதுதான். ஆனால் ரஷ்ய லென்ஸின் குவியக் கணக்கு லைக்காவோடு முழுக்கப் பொருந்தாது. திறந்து வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் கண்ணில் குவித்தது காதில் போய் விழும்.

பழைய லென்ஸ் எதுவானாலும் வாங்குமுன் ரோச் லைற்றைப் பின்பக்கத்தில் இருந்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சணம். கண்ணாடியில் மூச்சு விட்டது போலப் புகை படிந்திருந்தால் அதையும் விடுங்கள், பழைய கெனன்களில் அது அடிக்கடி காணும் வருத்தம். வாங்கி வந்ததும் பத்துப் புத்தகங்களைச் சரிவாக நிறுத்தி, ஐந்தாவதன் முதுகில் குவித்து, முழுத் திறப்பில், ஒரு மீற்றரில் இருந்து ஒரு படம் எடுத்துக் கழுவுங்கள். நாலாவது புத்தகம் தெளிவாக வந்தால் லென்ஸையோ கமராவையோ சரி பார்க்க வேண்டும்.

மாரி காலத்தில் கமராவைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், போதும். பிலிமை வீட்டில் கழுவினால் கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விட்டுவிடும். பற்றரித் தண்ணீர் என்று விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தரம் தோய்த்து எடுங்கள்.

இன்னொன்று. எம்6இன் திரை துணியில் செய்தது. முன்னால் மறைக்கக் கண்ணாடி இல்லை. லென்ஸை வெயிலுக்கு நேரே திறந்து வைத்தால், சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் கடதாசி எரித்தோமே, அதே கதைதான். காக்கைதீவில் ஒரு மத்தியானம் சைக்கிள் கூடைக்குள் கமராவை மல்லாக்க வைத்துவிட்டு இளநீர் குடிக்கப் போனேன். அன்றில் இருந்து ஒவ்வொரு படத்திலும் வானத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரம். பகலிலும்தான். மூடியைப் போட்டு வையுங்கள், ஆனால் எடுக்கும்போது கழற்ற மறக்காதீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் கண்ணுக்கு எல்லாம் வடிவாகத் தெரியும். ஒரு சாமத்தியவீட்டின் ஆராத்தி முழுவதையும் நான் அப்படி எடுத்திருக்கிறேன். 36 படமும் ஒரே இருட்டு. அந்த வீட்டுக்காரர் இப்போதும் என்னைக் கண்டால் மூடி கழற்றியாச்சா என்றுதான் கேட்பார்.

மேலே சொன்ன புத்தகங்களில் ஆறு என்னிடம் இருக்கின்றன. லென்ஸ் வர எப்படியும் இரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாருங்கள். தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். இங்கேயே இருந்து ஆறுதலாகப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகத் தரமாட்டேன்.